தேவஇரக்கத்துக்குப் புகை

ராஜபாளையத்திலும் நாட்டு மருந்துக் கடைகள் இருக்கின்றன. ஆனால் அங்கே வாங்கினால் சபை ஆட்கள் யாராவது பார்த்துவிடுவார்கள். அதனால்தான் ஜெயக்கொடி பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தாள்.

தூபவர்க்கம் வேண்டும் என்று கேட்டாள். சிறு வயதிலிருந்தே வேதாகமத்தில் வாசித்துவந்த சொல். கடையில் இருந்த கல்பனாவுக்கு அப்படியொரு சரக்கே தெரியவில்லை.

"சாம்பிராணியாம்மா? சாமிக்கா, பிள்ளைக்குத் தலை காயவைக்கவா?"

"கல்லறைக்கு."

கல்பனா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

ஜெயக்கொடியின் கணவர் தேவஇரக்கம், வ. புதுப்பட்டி ஊர்க் கத்தோலிக்கர். அவளைக் கட்டுவதற்காக அவளுடைய சி.எஸ்.ஐ. சபைக்கு வந்தவர். அங்கே புகை போடும் வழக்கமே கிடையாது. விட்டுவந்த எதையும் அவர் திரும்பக் கேட்டதில்லை. படுக்கையில் விழுந்த பிறகு ஒரே ஒரு தடவை, தங்கள் கோயிலில் சவப்பெட்டியைச் சுற்றிப் புகை காட்டுவார்கள், அந்த வாசம் தனக்கும் கிடைத்தால் நன்றாயிருக்கும் என்றார். அடக்கத்தன்று அது நடக்கவில்லை. நாளை கத்தோலிக்கரின் கல்லறைத் திருநாள். புதுப்பட்டியில் எல்லாக் கல்லறைக்கும் புகை காட்டுவார்கள்.

அந்த வாசம் எதனுடையது என்று அவளுக்குத் தெரியாது. அவரோடு அந்தக் கோயிலுக்குள் ஒருநாளும் போனதில்லை. புதுப்பட்டிக் கோயிலுக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு, இப்போது கலவைப் பொடி பாக்கெட்டில் வருகிறது, முன்பு என்ன போட்டார்களோ என்றுவிட்டார்கள். கேட்பதற்கு அவர் பக்கத்துச் சொந்தத்தில் வேறு யாரும் உயிரோடு இல்லை.

கல்பனா மூன்று டப்பாக்களைத் திறந்து காட்டினாள். சாம்பிராணி, குங்கிலியம், குந்திரிக்கம். மூன்றும் மரத்துப் பால்தான், மூன்றையும் தணலில்தான் போடவேண்டும் என்றாள்.

"இம்புட்டுச் சிரமம் எதுக்கு? கம்ப்யூட்டர் சாம்பிராணி கொண்டு போங்க. தீக்குச்சி போதும்."

"அவிய கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்ல" என்றாள் ஜெயக்கொடி.

இப்போது இருவருமே சிரித்துவிட்டார்கள். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கினாள். கரியும் ஒரு மண் தூபக்காலும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை ராஜபாளையம் கல்லறைத் தோட்டத்தில் ஒருவரும் இல்லை. அவர்கள் சபையார் ஈஸ்டர் விடியலில்தான் வருவார்கள். கரியைப் பற்றவைக்க அவள் விசிறிக்கொண்டிருந்தபோது காவலாளி பால்சாமி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ஆர்.சி.க்கு மாறிட்டியளா?"

"நான் மாறல. அவியதான் எனக்காக மாறுனாக."

பால்சாமி வெளியே போய், கேட்டைச் சாத்திவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதலில் சாம்பிராணியைப் போட்டாள். புகை எழுந்ததும், குழம்பை ஊற்றிவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பதுபோல் கல்லறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குங்கிலியம். அதற்கும் காத்திருந்தாள். குந்திரிக்கத்தைப் போட்டபோது எலுமிச்சைத் தோல் மாதிரி ஏதோ வாசம் வந்தது. நன்றாகத்தான் இருந்தது. மூன்றுமே நன்றாகத்தான் இருந்தன.

"எதுன்னு சொல்லாமப் போயிட்டியளே" என்றாள்.

மிச்சத்தையெல்லாம் ஒன்றாகத் தணலில் கொட்டினாள். புகை கண்ணைக் கரித்தது. தூபக்காலைத் தூக்கிக்கொண்டு கல்லறையைச் சுற்றத் தொடங்கினாள். இடது பக்கம், அவளுடைய கல்லறைக்கென்று விட்டுவைத்த இடத்தில் புல் முளைத்திருந்தது. சுற்றி வர வேறு வழியில்லை. அதை மிதித்துக்கொண்டு நடந்தாள்.