பத்தாவது கேள்வி

விடுமுறையில் கல்லூரியின் பழ ஈ ஆய்வகத்தில் சேர விரும்பும் இளநிலை மாணவர்களுக்கு ஐந்து இடம் இருந்தது. அதற்கான விண்ணப்பத்தில் பத்தாவது கேள்வி: ‘இதற்கு முன் ஆய்வகத்தில் வேலை செய்த அனுபவம் உண்டா?’

வாயாடி என்று கல்லூரியே கூப்பிடும் பெண் ஒருத்தி போன வருஷம் ‘இல்லை’ என்று உண்மையை எழுதினாள். வாசலோடு அனுப்பிவிட்டார்கள். அனுபவம் இருந்தால்தான் உள்ளே விடுவார்களாம். உள்ளே விட்டால்தானே ஐயா அனுபவம் வரும்? பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் அது எப்படியோ பள்ளிக்கூடத்திலேயே வந்துவிடுகிறது. அவளைப் போல, வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த இருபது பேர் அந்தக் கேள்வியைப் பார்த்ததும் தாளை மடித்து வைத்துவிட்டார்கள்.

இந்த வருஷம் வாயாடி மாற்றி எழுதினாள். ‘உண்டு. பழ ஈக்களோடு பதினெட்டு வருஷம்.’

பொய்யில்லை. அவள் அம்மா பழக்கடை வைத்திருப்பவள். மகள் தவழ்ந்ததே கூடைகளுக்கு நடுவில்தான். அம்மா கறாராகச் சொல்லியிருந்தாள்: “இந்தத் தடவையும் இல்லைன்னா லீவு முழுக்கக் கடையில உக்காரு. அடுத்த வருஷம் படிப்பே முடிஞ்சிடும். அப்புறம் யாரு உன்னைக் கூப்பிடப்போறா?”

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். ஆய்வகத்தில் சுவர் முழுக்கப் பஞ்சு அடைத்த பாட்டில்கள். மேசைக்கு மேலே ஒரு பலகை: ‘உள்ளே உணவுப் பொருள் கொண்டுவரக் கூடாது.’ கீழே பேராசிரியரின் கையெழுத்து.

பேராசிரியர் விண்ணப்பத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “பதினெட்டு வருஷமா? எந்த ஆய்வகம்?”

“எங்கம்மா பழக்கடை சார்.”

உதவியாளர் அக்கா சிரிப்பை இருமலாக்கிக்கொண்டாள். பேராசிரியர் ஒரு பாட்டிலை எடுத்து வாயாடி முன்னால் வைத்தார்.

“இது விளையாட்டு இல்லம்மா. இதுல இருக்கறது வெள்ளைக் கண் ஈ. பத்து வருஷமா வெளி ஈ ஒண்ணுகூடக் கலக்காம காப்பாத்திட்டு வரேன்.”

வாயாடி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். “ரெண்டு கலந்திருக்கே சார். கண்ணு சிவப்பா இருக்கு. எங்க கடைப் பக்கத்து ஆளுங்க.”

“உளறாதே.”

அக்கா பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். “ரெண்டு இல்ல சார், மூணு.”

பேராசிரியரின் முகம் சுண்டிப்போனது. உடனே அக்காவிடம் திரும்பினார். “நீதானே ஈக்களைப் புதுப் பாட்டிலுக்கு மாத்துவே?”

“நான் ஒரு வாரம் லீவுல இருந்துட்டு இன்னிக்குத்தான் வரேன் சார். நீங்கதான் இந்த மேசையில வெச்சு மாத்தினீங்க.”

வாயாடி மூக்கை உறிஞ்சினாள். வந்ததிலிருந்தே ஒரு வாசனை அவளை உறுத்திக்கொண்டிருந்தது. “சார், தப்பா நினைக்காதீங்க. உங்க டிராயர்ல வாழைப்பழம் இருக்கு. தோல் கறுத்து ரெண்டு நாளாகியிருக்கும்.”

அக்காவே டிராயரை இழுத்தாள். ஈக்கள் சாவகாசமாக எழுந்து வந்தன. மூன்று பேரும் தலையைத் தூக்கி அந்தப் பலகையைப் பார்த்தார்கள்.

“வெறும் வயித்துல மாத்திரை போட்டா தலை சுத்துது,” என்றார் பேராசிரியர், மெல்ல. “அதுக்குத்தான்...”

பாவமாகத்தான் இருந்தது. “என் வாயிலேர்ந்து வெளிய போகாது சார்,” என்றாள் வாயாடி. அவளுடைய பட்டப்பெயரை அறிந்த அக்கா அதை நம்பியதாகத் தெரியவில்லை.

பேராசிரியர் பேனாவைத் திறந்தார். “திங்கக்கிழமை வந்துடு.”

நெஞ்சு துள்ளியது. அப்போதே எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் பேரம் படிந்த பிறகும் நகராமல் நிற்கிறவர்களைப் பார்த்தே வளர்ந்தவள் அவள்.

“கொசுறு ஒண்ணு வேணும் சார்.”

“கொசுறா?”

“பத்தாவது கேள்வியை எடுத்துடுங்க. எங்க வகுப்புல இருபது பேரு அதைப் பார்த்துத்தான் எழுதவே இல்ல. நாலு இடம் இன்னும் இருக்குல்ல?”

அவர் அவளைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த வெற்று விண்ணப்பத்தில் அந்தக் கேள்வியின் மேல் ஒரு கோடு கிழித்தார்.

மறுநாள் காலை புது விண்ணப்பம் வாங்க ஆய்வக வாசலில் வரிசை நின்றது. வாயாடி ஒன்றை வாங்கிப் பார்த்தாள். பத்தாவது இடம் காலியாக இல்லை. ‘தற்போது உங்களிடம் பழம் ஏதேனும் உள்ளதா?’ என்றிருந்தது. மனுஷர் லேசுப்பட்டவர் இல்லை.

வரிசையின் கடைசியில் அவளுடைய தோழி பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் தாளை மடித்து வைத்தவர்களில் ஒருத்தி.

“பத்தாவதுக்கு ‘இல்லை’ன்னு எழுதினா ஒண்ணும் சொல்லமாட்டாங்களே?”

“தைரியமா எழுதுடி,” என்றாள் வாயாடி.