தொரட்டி போட்ட மனு

1.
இந்தக் கதை இலக்கிய ஆர்வத்தில் பிறந்ததல்ல. நான் செய்த தப்பில் பிறந்தது. இந்த 1963-இல்தான் எங்கள் சவ்வாது மலைக்கு ரோடு போடுகிறார்கள். நடுவில் ஒரு புளியமரம். சொந்தக்காரர் ஒருவர் மனு கொடுத்தால் ரோடு வளையும், இல்லாவிட்டால் மரம் விழும் என்றார் ஓவர்சியர். ஒரே ஒரு பெயர்தான் இருக்கலாமாம். அதுவும் இங்கிலீஷில். ஊரில் பி.ஏ. படித்தவள் நான் ஒருத்தி. எழுதினேன். கெடுத்தேன்.

2.
தொடக்கம், முதல் முயற்சி: ‘பச்சைப் பசேலென்ற மலைச்சாரலில்...’

(வேண்டாம். மாசியில் புல்லே காய்ந்து கிடக்கிறது.)

இரண்டாம் முயற்சி: ‘மரம் யாருடையது?’

இதுதான் வம்பு. நிலம் என் அப்பா ரங்கசாமியுடையது. மரம் அவர் தங்கை பாஞ்சாலை அத்தைக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்தது. வடக்குக் கிளை அம்மனுக்கு. தானாக உதிர்ந்த பழம் ஆடு மேய்ப்பவர்களுக்கு. கல்லூரியில் எனக்குச் சொல்லித்தந்த இங்கிலீஷ் இலக்கணம் வேறு: உயிருள்ளவர் சொத்துக்குப் பெயருக்குப் பின்னால் ஒரு குட்டிக் கொக்கியும் ‘ஸ்’ஸும், மேஜைக் காலுக்கு ‘ஆஃப்’. கிளைக்குக் கிளை ஆள் மாறும் மரத்துக்கு என்ன போடுவது என்று கேட்டேன். வெளியே நிற்கச் சொன்னார்கள்.*

* இன்னும் கோபம் ஆறவில்லை.

3.
பாஞ்சாலை’ஸ் ட்ரீ என்று எழுதினேன். அத்தை காகிதத்தை உற்றுப் பார்த்தாள்.

"இது இன்னாடி, புளி பறிக்கிற தொரட்டியாட்டம் கீது?"

"மரத்த உன் பக்கம் இழுக்குது அத்த."

"அப்ப நல்லா பெருசா போடு."

போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். ஊரைக் கூட்டித் தமிழில் படித்தும் காட்டினேன்: ‘இந்த மரம் பாஞ்சாலைக்கு மட்டுமே சொந்தம்.’ ‘மட்டுமே’ மனுவில் இல்லை. பி.ஏ. திமிரில் நானே சேர்த்தது.

4.
மறுநாள் புளி உலுக்கும் நாள். அதற்குப் பத்துப் பேர் வேண்டும். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு: மரம் தனக்கு மட்டும் என்றவர் தனியாகத்தான் உலுக்க வேண்டும். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். எதற்குமே வரமாட்டார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. வேலூரில் மூன்று வருஷம் படித்துவிட்டு வந்தால்...

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.)

அத்தை தனியாளாகக் கிளைமேல் ஏறி நின்று, குதித்துக் குதித்து உலுக்கினாள். ஏழு பழம் விழுந்தது. இரண்டு என் தலையில். அப்பா கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். ஒரு கை கொடுக்கக்கூடாதா என்று கேட்டேன்.

"நெலம் என்னுது, நிக்கறேன். மரம் அவுளுதாச்சே, நீதான படிச்சே" என்றார்.

மேலிருந்து அத்தை சொன்னாள்: "எம்பேர அடிச்சிடுடி. மரம் போனா போவுது. ஊரு இல்லாம நான் இன்னா பண்ணுவேன்?"

5.
முடிவுகள்:

(அ) பெயரை அடிக்கிறேன். பத்துப் பேரும் வருகிறார்கள், புளி கொட்டுகிறது. அடுத்த வாரம் மரம் விழுகிறது.

(ஆ) பெயர் நிற்கிறது, ரோடு வளைகிறது. அத்தை வருஷா வருஷம் தனியாகக் குதிக்கிறாள்.

(இ) எல்லார் பெயரையும் எழுதி ஆளுக்கொரு கொக்கி போடுகிறேன், அம்மனுக்கும் சேர்த்து. அம்மனை நேரில் வந்து கையெழுத்துப் போடச் சொல்கிறார் ஓவர்சியர்.

மூன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே பெயரை அடித்துவிட்டுக் கொக்கியை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்:

.................’ஸ் ட்ரீ

செவ்வாய்க்கிழமை ஓவர்சியர் வருகிறார். அதற்குள் நீங்களே ஒரு பெயரை எழுதிவிடுங்கள். உங்கள் பெயரானாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் எழுதினவர் உலுக்கவும் வரவேண்டும். சீக்கிரம் வாருங்கள். அத்தை இன்னும் கிளையைவிட்டு இறங்கவில்லை.