தள்ளி நின்று எடுத்த படங்கள்

புது கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து என் வாயில் நல்ல வார்த்தையே வரவில்லை. பழையது ஊர்ந்தாவது போய்ச் சேரும். இது தலைதெறிக்க ஓடிவிட்டு நட்டநடுவில் கல்லாகச் சமைந்து நிற்கும். கல்யாண வீடியோக்களை வீட்டிலேயே எடிட் செய்து கொடுப்பது என் தொழில். ஊரார் கல்யாணமெல்லாம் இதில் வழுக்கிக்கொண்டு ஓடியது. என் மகளுடைய படத்தைத் திறந்தால் மட்டும் சண்டித்தனம்.

அவளை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம். போன வருடம் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வெறுங்கையோடு திரும்பி வந்தோம். 'காய்ச்சல்தானே, காலையில பாத்துக்கலாம்' என்று முந்தின நாள் சொன்னவர் என் வீட்டுக்காரர். அந்த ஒரு வார்த்தையை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறார். பஸ் ஓட்டுகிறவர், வாய் ஓயாமல் பேசுகிறவர், அதற்குப் பிறகு பாதி ஆளாகிவிட்டார்.

வாலுவின் போட்டோக்களுக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாவற்றிலும் கோணங்கித்தனம்தான். கேமராவைக் கிட்டே கொண்டுபோனால் போதும், நாக்கை நீட்டுவாள், கண்ணை உருட்டுவாள். அதனால் நான் வேலைக்கு வைத்திருக்கும் பெரிய கேமராவில், தள்ளி நின்று, அவளுக்குத் தெரியாமல் வீடியோ எடுப்பேன். அந்தக் கேமராவில் ஒரு வசதி உண்டு. கூடத்தின் கோடியிலிருந்து எடுத்தாலும் எடிட் செய்யும்போது முகத்தை மட்டும் திரை முழுக்கப் பெரிதாக்கலாம். மூக்கில் ஒட்டிய பென்சில் கரிகூடப் பளிச்சென்று தெரியும். அப்புறம் கிட்டப் போய்க்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் எல்லாவற்றையும் தள்ளி நின்றே எடுத்தேன்.

"திரை முழுக்க அவ மூஞ்சி மட்டும் வரணும். அந்தத் தழும்பு தெரியணும்," என்று வீட்டுக்காரர் கேட்டிருந்தார். இடது புருவத்துக்கு மேலே சின்னதாக ஒரு தழும்பு. ஓடி வந்து என் எடிட்டிங் மேஜை முனையில் இடித்துக்கொண்டது. வேலைக்குக் கிளம்பும்போது தினமும் அதில்தான் அவர் முத்தம் கொடுப்பார். அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான்.

அதைச் செய்யத்தான் இந்தச் சனியன் விடவில்லை. படம் சாதாரணமாக ஓடும். முகத்தைப் பெரிதாக்கி முழுத் தெளிவில் காட்டு என்று சொன்ன உடனே திரை உறைந்துவிடும். குட்டி வட்டம் ஒன்று சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினேன். திரையை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதிதாக்கினேன், பிறகு பழையதற்கே மாற்றினேன். தேங்கிக் கிடந்த குப்பைக் கோப்புகளைக் கழித்துப் பார்த்தேன். மேஜையைக் குத்தியும் பார்த்தேன். கைதான் வலித்தது.

"சூடாயிருக்கும்மா. கொஞ்சம் ஆற விடு," என்றார் வீட்டுக்காரர்.

"இது ஒண்ணும் உங்க பஸ் இல்லங்க."

"பஸ்ஸா இருந்தா நாலு பேரை இறக்கித் தள்ளியாவது விட்டிருக்கலாமே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வீட்டில் நான் சிரித்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது என்று அப்போதுதான் தோன்றியது. மறுநாளே அவர் கம்ப்யூட்டர் கடைக்காரத் தம்பியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். மெஷினை எங்களுக்கு விற்றது அந்தத் தம்பிதான்.

மத்தியான வெயில் திரையில் அடிக்கிறதென்று தம்பி திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்தான். முகத்தைப் பெரிதாக்கினான். உறைந்தது. ஓரத்தில் ஏதோ வரைபடம் ஒன்றைத் திறந்து வைத்துப் பார்த்தான்.

"மெஷின்ல ஒரு குறையும் இல்லக்கா. சும்மாதான் இருக்கு. எதையோ கூப்பிட்டுட்டு, அது வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்கு."

"எதை?"

"உங்க பழைய மெஷினை. புதுசு வந்தப்ப ரெண்டையும் கேபிள் போட்டு இணைச்சோம்ல? பாப்பா படமெல்லாம் அங்கதான் இருக்குன்னு இது இன்னும் நினைச்சுக்கிட்டு இருக்கு. அந்த மெஷினே இப்ப இல்லன்னு இதுக்குத் தெரியாது. இங்க காப்பி பண்ணின ஃபோல்டரைக் காட்டிவிட்டா முடிஞ்சுது."

இவ்வளவுதானா என்று எனக்கு உயிர் வந்தது. பழைய கம்ப்யூட்டரை நான் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்த சமயத்தில் வீட்டுக்காரர்தான் இந்தத் தம்பி கடையில் கொடுத்திருந்தார். அதன் முன்னால் உட்கார்ந்து நான் அழுவதை அவரால் பார்க்க முடியவில்லையாம். வந்து குதிகுதியென்று குதித்தேன். 'எல்லாத்தையும் காப்பி பண்ணிட்டேன்மா, நானே உக்காந்து பண்ணினேன்' என்று சின்னப் பிள்ளை மாதிரி சொன்னார். கோபம் இறங்கிவிட்டது.

இப்போது அந்த ஃபோல்டரைத் திறந்தேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய கேமராவில் எடுத்த அசல் படங்களைப் பழைய மெஷின்கள் தாங்காது, திக்கித் திணறும். அதனால் ஒவ்வொன்றுக்கும் தரம் குறைந்த நகல் ஒன்று செய்து தனி ஃபோல்டரில் வைப்போம். எடிட் செய்யும்போது ஓடுவது நகல். கிட்டப் போகும்போதும் கடைசியாகப் படத்தை வெளியே எடுக்கும்போதும் மென்பொருள் அசலைத் தேடிப் போகும். அசலுக்கும் நகலுக்கும் பெயர் ஒன்றேதான்.

நான் திறந்ததில் இருந்தவை நகல்கள். அசல் ஃபோல்டரைத் தேடினேன். மெஷின் முழுக்கத் தேடினேன். தம்பியும் தேடினான்.

வீட்டுக்காரர் மூன்று பேருக்கும் டீ கொண்டுவந்தார்.

"என்னங்க, பழைய கம்ப்யூட்டர்ல வாலு படம் ரெண்டு ஃபோல்டர் இருந்துச்சே?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"ஆமா, இருந்துச்சு. ஒண்ணு ஃபுல்லா கெட்டுப்போச்சும்மா. போட்டா திக்கித் திக்கி ஓடுது, நின்னு நின்னு போகுது. உங்கிட்ட சொன்னா மனசு ஒடைஞ்சு போவேன்னு சொல்லல. நல்லவேளை, இன்னொண்ணுல அதே படமெல்லாம் நல்லா ஓடுச்சு. ஒவ்வொண்ணையும் போட்டு, கடைசி வரைக்கும் பாத்துட்டுத்தான் காப்பி பண்ணினேன். ஒண்ணுகூட விட்டுடக் கூடாதுல்ல?"

மகளுடைய படம் ஒவ்வொன்றையும் தனியாக உட்கார்ந்து முழுதாகப் பார்த்திருக்கிறார். எத்தனை தடவை எழுந்து முகம் கழுவினாரோ. நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றார். உப்புக்கல்லுக்கும் கத்துகிற நான், அவர் நீட்டிய டீயை வாங்கிக்கொண்டேன்.

"நல்ல காரியம் பண்ணினீங்க," என்றேன்.

அதற்குள் டிப்போவிலிருந்து போன் வர, அவர் வாசலுக்குப் போனார். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் டீயைத் தொடவில்லை.

"அண்ணன் எல்லாம் எடுத்தாச்சுன்னு சொன்னாருக்கா. யாரோட மெஷின் வந்தாலும் துளிகூட மிஞ்சாம அழிச்சுட்டுத்தான் அடுத்தவங்களுக்குக் கொடுப்பேன். குடும்பப் படமெல்லாம் யார் கையிலயும் போயிடக் கூடாதுன்னு. இனிமே எதைப் போட்டாலும் திரும்பி வராதுக்கா." அவன் கண் கலங்கிவிட்டது.

கேமரா கார்டுகள் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அழித்து அழித்துப் பயன்படுத்துபவை. அவற்றில் தேட ஒன்றும் இல்லை. என் பிள்ளை இரண்டாம் முறையும் போய்விட்டாள். இந்த முறையும் அவள்மேல் உயிரையே வைத்திருந்தவர் கையால்தான் போயிருக்கிறாள். யாரை நொந்துகொள்வது?

"அவருகிட்ட இதைச் சொல்லிடாதீங்க தம்பி. மெஷின்லதான் கோளாறுன்னு சொல்லுங்க. உங்க பேரு கெட்டாலும் பரவாயில்லன்னு நினைச்சுக்குங்க."

"என் பேரு கெடக்குது, விடுங்கக்கா," என்றான்.

போகும்போது வாசலில், "ஒரு பார்ட்டு சரியில்லண்ணே, மாத்திட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனான். "புது மெஷின்லயே இப்படியா? ஆளு பாத்து வாங்கியிருக்கணும்," என்று இவர் அவனைத் திட்டியதும் என் காதில் விழுந்தது.

அசல் இருக்கும் இடம் இதுதான் என்று மென்பொருளுக்கு நகல் ஃபோல்டரைக் காட்டினேன். நம்பிவிட்டது. அதன் பிறகு ஒரு தடவைகூட உறையவில்லை. முகத்தைப் பெரிதாக்கினேன், பெரிதாக்கிக்கொண்டே போனேன். கிட்டப் போகப் போக அவள் கரைந்துகொண்டே போனாள். கண் ஒரு நிழல், வாய் ஒரு கறை. புருவத்துக்கு மேலே சதுரம் சதுரமாக நிறம்தான் இருந்தது. உறைந்து நின்றபோதாவது உள்ளே அவள் இருக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். வாலு கூடத்தில் ஓடினாள், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டாள், யாரையோ அதட்டினாள். அவர் சிரித்தார். முகம் மட்டும் திரை முழுக்க வரும் இடம் வந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"கண்ணு கலங்கிக்கிட்டே இருக்கும்மா. ஒண்ணும் சரியாத் தெரியல," என்றார். "நீ பாத்துச் சொல்லு. அந்தத் தழும்பு தெரியுதா?"

"நல்லாத் தெரியுதுங்க."

"எங்க, காட்டு."

அவர் கையைப் பிடித்து இழுத்து, அந்தக் கலங்கலில் இடது புருவம் இருந்த இடத்துக்கு மேலே அவர் விரலை வைத்தேன்.

"ஆமா," என்றார். "இங்கதான்."