சொல்லிட்டுத் தொடணும்

தம்பியின் சட்டைக்குப் பொத்தான் போடுவதற்கு முன் அக்கா கட்டிலின் கால்மாட்டுக்குப் போய் நின்றாள். "தம்பி, நான்தான்" என்றாள். பிறகுதான் தொட்டாள். செத்துப்போனவனிடம் சொல்லிவிட்டுத் தொடுகிறாளே என்று பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அக்காவுக்கு அழுகை வரவில்லை. பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள்.

தம்பி பட்டாளத்திலிருந்து திரும்பிய நாள் முதல் அந்த வீட்டில் அதுதான் வழக்கம். தூங்குகிறவனைத் தோளில் தட்டி எழுப்பினால், எழுப்பியவர் கழுத்து அவன் கையில் இருக்கும். அக்காவின் புருஷன் ஒருமுறை அப்படி மாட்டிக்கொண்டு, "ஏன் மச்சான், கட்டிப்பிடிக்கிறதுன்னா கழுத்தையா பிடிப்பாங்க?" என்று சிரித்துச் சமாளித்தார். தம்பிதான் அன்று முழுக்கச் சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்திருந்தான். அக்கா தையல்காரி. மிஷின் கடகடத்தால் அவன் தரையோடு தரையாகப் படுத்துவிடுவான் என்று, மிஷினையே பக்கத்து வீட்டுக் கொட்டகைக்கு மாற்றிவிட்டாள்.

தெருமுனை டாக்டரம்மா ஒருத்திதான் புரியும்படி சொன்னாள். ஆபத்து வந்தால் மூளை மணியடிக்கும், அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு படபடக்கும். ஆபத்து போனதும் எல்லாம் அடங்க வேண்டும். இவனுக்கு அடங்கவில்லை. சண்டை முடிந்த சேதி அவன் மூளைக்குப் போய்ச் சேரவே இல்லை. அடக்கி வைக்க வேண்டிய கார்ட்டிசால் என்கிற சுரப்பும் தாறுமாறாகிவிட்டது. தூக்கம் போய், ரத்த அழுத்தம் ஏறி, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் இதயம் ஓடி ஓடித் தேய்கிறது என்றாள்.

அக்கா அவனையும் கூட்டிக்கொண்டு பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குப் போய் இதை அப்படியே சொன்னாள். அவர்கள் அவனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். காயம் ஒன்றுமில்லை, குடும்பக் கவலை என்று அனுப்பிவிட்டார்கள். குடும்பக் கவலையாம்! கல்யாணமே ஆகாதவனுக்குக் குடும்பம் ஏது? அக்காதான் குடும்பம். அப்படியானால் அந்தக் கவலையும் அவள்தானா?

நேற்று மத்தியானம் சோற்றில் கை வைத்திருந்தான். தெருவில் லாரி டயர் வெடித்தது. எழுந்தான், நெஞ்சைப் பிடித்தான், சாய்ந்தான். நாற்பதுகூட ஆகவில்லை, பாவி மகன்.

இப்போது வாசலில் பட்டாளத்து வண்டி வந்து நின்றது. துப்பாக்கிக்காரர்களோடு இறங்கிய அதிகாரி, தூக்குவதற்கு முன் மரியாதைக்காக வானத்தைப் பார்த்துச் சுடுவோம் என்று தணிவாகச் சொன்னார்.

"இங்க யாரும் சுடக் கூடாது" என்றாள் அக்கா.

"அது அவருக்குச் செய்யுற கௌரவம்மா."

"டயர் வெடிச்ச சத்தத்துல செத்தவன் சார் இவன். இவன் தலைமாட்டுல நின்னு சுடுவீங்களா? உயிரோட வந்து நின்னப்போ நோயே இல்லைன்னீங்க. குடும்பக் கவலைன்னீங்க. செத்ததும் உங்க ஆளாயிட்டானா?"

புருஷன் அவள் கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டாள். அதிகாரி மேலிடத்து உத்தரவு என்று ஏதோ ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார். கட்டிலில் கிடந்தவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் தலையசைத்ததும் துப்பாக்கிகள் வண்டிக்குத் திரும்பின.

"தூக்கவாவது விடுவீங்களாம்மா?"

"தூக்குங்க. ஆனா சும்மா தொடக் கூடாது. கால்மாட்டுல நின்னு, யாருன்னு சொல்லிட்டுத் தொடணும். இந்த வீட்டுல அப்படித்தான்."

அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கால்மாட்டில் போய் நின்றார்.

"தம்பி" என்றார். "நாங்கதான்."

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நகர்ந்து வழிவிட்டாள்.