மாதம் மூன்று யூனிட்

1

இந்தக் கதை தண்ணீர் இலாகா அனுப்பிய ஒரு கடிதத்திலிருந்து வந்தது. அகத்தூண்டுதல், மின்னல் வெட்டு எதுவும் இல்லை. ஏமாற்றமாக இருந்தால் இப்போதே எழுந்து போய்விடுங்கள், இருவருக்கும் நேரம் மிச்சம்.

கடிதத்தின் சாரம் இது: உங்கள் வீட்டில் பதினான்கு மாதங்களாக மாதம் சரியாக மூன்று யூனிட் தண்ணீர் ஓடியிருக்கிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வரும் வியாழன் காலை பதினோரு மணிக்குச் சரிபார்ப்பு அதிகாரி வருவார். உரிமையாளர் நேரில் இருந்து, 'குடியிருப்போர் எண்ணிக்கை' என்ற கட்டத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த வீட்டில் நான்கு வருடமாக ஈ காக்கை கிடையாது. அம்மா இறந்த பிறகு அண்ணன், நான், தங்கை மூவரும் சேர்ந்துதான் பூட்டினோம். அப்படியிருக்க, தண்ணீர் குடிப்பது யார்?

வேறு யாராக இருந்தாலும் 'எங்கேயோ கசிகிறது' என்று குழாய் வேலைக்காரரைக் கூப்பிட்டிருப்பார்கள். நான் கதை எழுதுகிறவள். ஐந்து மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து, திங்கள் மாலை வந்து சேர்ந்தேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "அந்தத் தெருவின் இருபத்திரண்டு வீடுகளும் தத்தம் மௌனத்தைச் சுமந்துகொண்டு..."

அடித்துவிட்டேன். காலி வீட்டுக்கு ஏது மௌனம்? தகரம் அடித்துக்கொள்ளும், ஜன்னல் கொக்கி ஆடும், புறாக்கள் ஜாம்ஜாமென்று குடித்தனம் நடத்தும். எழுதுகிறவர்கள் காலி வீட்டுக்குள் போவதே இல்லை என்பது இப்படித்தான் தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது தொடக்கம்: "ஆலை மூடிய அன்று..."

இதுவும் சரிப்படாது. ஆலை மூடிய அன்று யாரும் ஊரை விட்டுப் போகவில்லை. 'திரும்பத் திறப்பார்கள்' என்று இரண்டு வருடம் காத்திருந்தார்கள். பிறகு இளம் குடும்பங்கள் போயின. பிள்ளைகள் குறைந்ததும் இரண்டு பள்ளிக்கூடங்களை ஒன்றாக்கினார்கள். பள்ளி தூரமானதால் பிள்ளை இருக்கிறவர்கள் போனார்கள். ஆள் ஏறாததால் இருபது நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பது மணிக்கு ஒன்றானது. பஸ்ஸை நம்பியவர்கள் போனார்கள். அவர்களை நம்பியிருந்த கடைக்காரர் பிறகு யாருக்காகக் கடை திறப்பார்? இதற்கு நடுவில் ஊருக்கு வெளியே வயல்காட்டில் புதுப்புது வீடுகள் எழும்பிக்கொண்டும் இருந்தன. ஆள் குறைகிற ஊரில் எதற்குப் புது வீடு என்று கேட்காதீர்கள். புது வீடு என்றால் எல்லோருக்கும் ஆசை. ஊர் நடுவிலிருந்து காலியாகிக்கொண்டு வருகிறது.*

(* இது பாதி உண்மைதான். மீதிப் பாதி என் குடும்பம். விற்றுவிடலாம் என்றான் அண்ணன். ஒரு வருஷம் போகட்டும் என்றாள் தங்கை. ஆகட்டும் பார்க்கலாம் என்றேன் நான். மூன்று பேரும் கெட்டவர்கள் இல்லை. வீட்டை யாரும் காலியாக விட முடிவெடுப்பதில்லை. 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்கிறோம், அந்த அப்புறத்திலேயே கூரை இறங்கிவிடுகிறது.)

3

மர்மத்தை நீட்டிக்க ஆசைதான். ஆனால் செவ்வாய்க் காலையே உடைந்துவிட்டது.

பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். நான்கு வருடம் கவனிப்பாரில்லாத தோட்டத்தில் எலுமிச்சை மட்டும் காய்த்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. அப்போது பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஓர் ஆள் வந்தார். இலாகாவின் நீலச் சட்டை, கையில் ரீடிங் எடுக்கும் சின்ன இயந்திரம். நேராகத் தோட்டக் குழாய்க்குப் போய்த் திறந்துவிட்டு, ரப்பர் குழாயை எலுமிச்சை அடியில் போட்டார். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார்.

சித்தப்பா மகன்தான். என்னைவிட இரண்டு வயது இளையவன், எனக்குத் தம்பி முறை. இந்தப் பகுதிக்கு இருபது வருடமாக அவன்தான் மீட்டர் பார்க்கிறான்.

"அக்கா," என்றான். ரப்பர் குழாயைச் சரியாக இழுத்துப் போட்டுவிட்டு, "எப்ப வந்தீங்க?" என்றான்.

"நேத்து சாயந்திரம். நீ எப்பலேர்ந்து வர்றே?"

"பதினாலு மாசமா."

குழாயை அவன் மூடவில்லை. விளக்கம் சொல்லும் நேரத்திலும் தண்ணீர் ஓட வேண்டியிருந்தது.

விஷயம் இதுதான். ஒரு தெருவில் ஐந்து வீட்டு மீட்டராவது ஓட வேண்டும். அதற்குக் கீழே போனால் குழாயில் தண்ணீர் தேங்கித் துருவேறுகிறது என்று இலாகா தெருமுனை வால்வை மூடிவிடும். மிச்சமிருப்பவர்களுக்கு ஊர் மையத்தில் அடுக்குமாடி வீடு கொடுத்துவிடுவார்கள். எங்கள் தெருவில் நான்கு வீட்டில்தான் ஆள் இருக்கிறது. ஐந்தாவது, இந்த எலுமிச்சை மரம்.

"வால்வை மூடுறதும் நான்தான்க்கா. இதுவரைக்கும் பதினோரு தெரு மூடியிருக்கேன். ஒண்ணைக்கூட திரும்பத் திறக்கச் சொன்னதில்ல."

"அதுக்காக? மாசம் சரியா மூணா? கூடக் குறைய விடத் தெரியாதா?"

தலையைச் சொறிந்தான். "சரியா ஓடுற மீட்டர்தான் நல்ல மீட்டர்னு பழகிட்டோம். நடுவுல பத்து நாள் தெருவுக்கே தண்ணி வரல. எல்லா வீட்டுலயும் கொறைஞ்சிருக்கு, இங்க மட்டும் மூணு. கம்ப்யூட்டர் புடிச்சிடுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே கொஞ்சம் வெட்கமும். என் கதைகளைப் பற்றி ஒரு பதிப்பாசிரியர் இதையேதான் எழுதியிருந்தார்: எல்லாம் அளவாக இருக்கிறது, ஆள்தான் இல்லை.

4

இவனை நம்புவீர்களா? எனக்கே சந்தேகமாக இருந்தது. வேலை போகும் என்று தெரிந்தும் ஒருவன் ஏன் இதைச் செய்வான்? மூடிய வால்வுகள் மனதை அறுத்தன என்றால் அழகாக இருக்கும், ஆனால் போதுமா? ஒரு காதல் இருந்தால் கதை நிற்கும் என்று தோன்றியது. தெருவில் தோதாக ஒரு பெண்மணியும் இருந்தார். அடுத்த வீட்டுப் பல்செட் அக்கா, பொய்ப்பல் செய்து கொடுப்பவர்.

புதனன்று, அதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு அவரிடமே போனேன். முன்னறைதான் பட்டறை. சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க பிளாஸ்டர் மாவில் வார்த்த தாடைகள், ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில் எழுதிய பெயர். விளக்குச் சுடரில் கத்தியைக் காட்டி, யாருடைய மெழுகு ஈறையோ திருத்திக்கொண்டிருந்தார்.

"காதலா? அந்தத் தம்பி மேல எனக்கா?" கத்தி நிற்கவில்லை. "கதைக்கு வேணும்னா வேற யாரையாவது புடி. எனக்கு நாளைக்குள்ள மூணு மேல்செட் குடுக்கணும். அவன் செய்யறது எனக்கு முதல் மாசமே தெரியும். உங்க வீட்டுக் குழாயைத் திறந்தா எங்க சுவத்துக்குள்ள டொக்குன்னு ஒரு சத்தம் கேக்கும். ரெண்டு வீட்டுக்கும் ஒரே பைப்பு."

"அவன்கிட்ட சொல்லலையா?"

"சொன்னா நிறுத்திடுவான். தெரியாத மாதிரி இருக்கறதுதான் அவனுக்கு மரியாதை." கத்தியைத் துடைத்தார். "அவன் திறந்துவிடறதால தண்ணியும் துரு இல்லாம வருது. இல்லேன்னா வார்க்கிற மாவெல்லாம் பழுப்பாயிடும்."

அடுக்குமாடிக்குப் போனால் பட்டறை வைக்க முடியாது. அரைக்கிற சத்தம், மாவுத் தூசி எதற்கும் அங்கே அனுமதி இல்லை. விசாரித்துவிட்டார். ஊரில் இளசுகள் போய்ப் பல்லில்லாதவர்கள் மிஞ்சியிருப்பதால் வேலைக்கு மட்டும் குறைவில்லை. "ஊரு சுருங்கச் சுருங்க எனக்குத்தான் கொண்டாட்டம்," என்று அவரே சொல்லிச் சிரித்தார். பிறகு அலமாரியைக் காட்டினார்.

"இதுல பாதிப் பேரு ஊர விட்டுப் போயாச்சு. செட்டு உடைஞ்சா ஃபோன் பண்றாங்க. அச்சு இருக்கறதால அனுப்ப முடியுது. இத்தனையும் தூக்கிக்கிட்டு நாலாவது மாடிக்கு நான் எங்க போறது?"

குரல் மாறவில்லை. ஆனால் ஒரு தாடையை எடுத்து, வைத்த இடத்திலேயே இன்னொரு முறை வைத்தார்.

(காதலை எடுத்துவிட்டேன்.)

5

அன்று மதியம் தம்பியும் பல்செட் அக்காவும் எங்கள் சமையலறைக்கு வந்தார்கள். யோசனை என்னுடையதுதான். அதிகாரியிடம் காட்ட ஒரு குடும்பம் வேண்டும். வாடகைக்கு வந்திருக்கிறது, இப்போது வெளியூர் போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம். இனி வரும் மாதங்களுக்குத் தம்பி திறந்துவிட வேண்டிய தண்ணீரை நான் எழுதித் தருவேன். ஒரே சீராக ஓடாத, மனிதர்கள் செலவழிப்பது போன்ற தண்ணீர். இத்தனை வருடம் பொய் எழுதிப் பழகிய கை ஒரு நாளாவது உதவட்டுமே.

"புருஷன், பொண்டாட்டி, ஒரு பொண்ணு," என்று தொடங்கினேன். "வெளியூர்லேர்ந்து திரும்பி வந்த முதல் மாசம் வீடு கழுவுறாங்க. ஒம்பது யூனிட்."

"அடேங்கப்பா," என்றான் தம்பி, குறித்துக்கொண்டான்.

"ரெண்டாவது மாசம் ஆறு. மூணாவது மாசம் அவளோட அண்ணன் குடும்பம் வந்து பத்து நாள் டேரா. பன்னண்டு."

"அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?" தம்பிக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. "பதினஞ்சுன்னா குளியலறைய விட்டு வெளியவே வராது. அரை யூனிட் கூட்டுங்க."

நாலாவது மாதம் சண்டை. அவள் பிள்ளையோடு அம்மா வீட்டுக்குப் போகிறாள், இரண்டு யூனிட். ஐந்தாவதில் சமாதானம். எழுத எழுத அவர்கள் எனக்குத் தெரிய ஆரம்பித்தார்கள். அவன் பல் தேய்க்கும்போது குழாயை மூடாதவன்.

பல்செட் அக்கா டீத் தம்ளரைக் கீழே வைத்தார். "அவனுக்கு என்ன வேலை?" என்றார்.

"யாருக்கு?"

"உன் ஆளுக்குத்தான். இந்த ஊர்ல அவன் என்ன வேலை பார்க்கிறான்? அந்தப் பொண்ணு எந்தப் பள்ளிக்கூடத்துக்கு, எத்தனை மணி பஸ்ல போவுது?"

யோசித்தோம். ஆலை இல்லை. கடை இல்லை. பள்ளி பஸ் காலை ஆறரைக்கு ஒன்று. ஆறாவது மாதம் அவன் வேறு ஊரில் வேலை தேடப் போனான், நான்கு யூனிட். ஏழாவது மாதம் மூட்டை கட்டும் வேலை, மூன்றரை. எட்டாவது மாதத்துக்கு நேரே நான் எதுவும் எழுதவில்லை.

என் சொந்தக் கற்பனையில் பிறந்த குடும்பத்தைக்கூட இந்தத் தெருவில் ஒரு வருடம் குடிவைக்க எனக்குத் துப்பில்லை.

"ஒருத்தி மட்டும்னா எத்தனை யூனிட்க்கா ஆகும்?" என்று தம்பி கேட்டான். சும்மா கேட்டதுபோல் காகிதத்தை மடித்துக்கொண்டே கேட்டான்.

நான் டீத் தம்ளர்களைக் கழுவ எழுந்தேன்.

6

ஒரு விஷயத்தை உங்களிடமிருந்து மறைத்துவிட்டேன்.* நானாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

(* என் பிழைப்பு பிழை திருத்துவது. கதையால் சோறு வராது. பக்கங்கள் தபாலில் வரும், தபாலில் போகும். ஒரு மேசையும் வெளிச்சமும் இருந்தால் எந்த ஊரிலும் செய்யலாம். இப்போது இருப்பது ஒற்றை வாடகை அறை; என்னைத் தடுக்க அங்கே யாரும் இல்லை.)

இதை அடிக்குறிப்பில் ஒளித்ததற்குக் காரணம் பயம். இருட்டுக்கோ திருட்டுக்கோ அல்ல. மற்ற நான்கு வீடுகளும் ஒவ்வொன்றாகப் போய், கடைசி ஆளாக நான் மிஞ்சிவிடுவேனோ என்ற பயம். எல்லோரையும் ஊரை விட்டுக் கிளப்புவதும் இதே பயம்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஆலை, பஸ், பள்ளி எல்லாம் அப்புறம்.

தம்பி போன பிறகு பல்செட் அக்காவிடம் கேட்டேன்: "என்னை இங்க வந்து இருன்னு ஒரு வார்த்தை நீங்க கேக்கலையே?"

"கேக்க மாட்டேன்."

"ஏன்?"

"கேட்டு வந்தவங்க, நீ கேட்டதாலதான் வந்தேன்னு ஒரு நாள் சொல்லிக் காட்டுவாங்க. நான் கேக்காம நீ போயிட்டா, போனவங்கள்ல நீயும் ஒருத்தி. உன் அச்சையும் பத்திரமா வெச்சிருப்பேன்." வாசல்வரை போய்த் திரும்பினார். "உனக்கு இன்னும் பல்லு கெட்டியா இருக்குல்ல? அப்ப அவசரம் இல்ல."

அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். "காலின்னே எழுதிக் குடுத்துடு, தொலையட்டும்," என்றான். உடனே, "இல்ல, இரு இரு. அவசரப்படாத. அப்புறம் பார்த்துக்கலாம்," என்றான். வழக்கம்போலத் தங்கை எடுக்கவில்லை.

7

இன்று வியாழன். சமையலறை மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், பக்கத்தில் படிவம் இருக்கிறது. மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: கட்டத்தில் பூஜ்யம். நாணயமான முடிவு. அடுத்த மாதம் தம்பி பன்னிரண்டாவது வால்வை மூடுகிறான். தாடைகள் அட்டைப்பெட்டியில் ஏறுகின்றன.

முடிவு இரண்டு: கட்டத்தில் மூன்று. ஏழு மாதம் தாங்கும், நீங்களே பார்த்தீர்கள். பிடிபட்டால் தம்பியின் வேலை போகும்.

முடிவு மூன்று: கட்டத்தில் ஒன்று. உங்களுக்கு இதுதான் பிடிக்கும், தெரியும். எனக்கும் இதுதான் அழகாகப் படுகிறது, அதனாலேயே நம்ப பயமாக இருக்கிறது. கதையில் ஒன்று என்று போட ஒரு நொடி போதும். அந்த ஒன்று ஒவ்வொரு காலையும் எழுந்து பல் தேய்க்க வேண்டும், மணிக்கொரு பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும், ஜன்னல் கொக்கியைச் சரிசெய்ய வேண்டும். ஒரு நல்ல வாக்கியத்தால் அதையெல்லாம் செய்ய முடியாது. அதனால் இதை நான் எழுதி முடிப்பதாக இல்லை.

மணி பத்தே முக்கால். டீத் தம்ளரைக் கழுவக் குழாயைத் திறந்தேன். சுவருக்குள் டொக்கென்று சத்தம் கேட்டது. மூடினேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு முறை கேட்டது. இந்த முறை அந்தப் பக்கத்திலிருந்து. மாவு கரைக்கத் தண்ணீர் பிடித்திருப்பார், வேறொன்றும் இருக்காது. இருந்தாலும் நான் மறுபடி ஒரு தடவை திறந்து மூடினேன்.

காலையில் மீட்டரைப் பார்த்தேன். திங்கள் மாலையிலிருந்து முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் கூட. தம்பி செவ்வாய்க்கிழமை திறந்துவிட்டது போக, மிச்சமெல்லாம் நான். இரண்டு குளியல், ஒரு பாவாடை, நிறைய டீ. ஒழுங்கே இல்லாத கணக்கு.

வாசலில் மணி அடிக்கிறது. பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். கட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது. நீங்கள் ஓர் எண்ணை நினைத்து வைத்திருப்பீர்கள், அதைச் சொல்ல வேண்டாம்.

"வீட்ல யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கேட்கிறது.

"இருங்க, இதோ வர்றேன்," என்கிறேன்.