இந்த வருஷத்து வாகைநேரி

எங்கள் ஊர் வாகைநேரியை வருஷத்துக்கு ஒருமுறை வரைய வேண்டும். படம் காய்ந்ததும் ஊர் அந்தப் படத்தில் இருக்கிறபடி ஆகிவிடும். அடுத்த கிறிஸ்துமஸ் வரை அதில் மாற்றம் இல்லை. மற்ற ஊர்களில் பண்டிகை வந்தால் வீட்டுக்கு வீடு வெள்ளையடிப்பார்கள். எங்களுக்கு அந்த வேலை மிச்சம். வரைகிறவன் நான். பெயர் மதலைமுத்து.

எனக்கு முன்னால் என் பெரியப்பா வரைந்துகொண்டிருந்தார். கை சுத்தம், ஞாபகம்தான் கொஞ்சம் முன்னே பின்னே. ஒரு வருஷம் ஊர்த்தலைவர் இஞ்ஞாசியாரின் வீட்டுக்கு வாசல் கதவு போட மறந்துவிட்டார். அந்த வருஷம் முழுக்க அவர்கள் ஜன்னல் வழியாகப் போய்வந்தார்கள். மூத்த மகளின் கல்யாணமும் அந்த வருஷம்தான் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஜன்னல் ஏறி உள்ளே வந்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, வெளியே வர முடியாமல் கூடுதலாகச் சில நாள் தங்கி, உடம்பு இளைத்த பிறகே ஊர் திரும்பினார்கள். யாரும் பெரியப்பாவைக் குறை சொல்லவில்லை.

ஆட்களை மட்டும் வரைவதில்லை. அது ஊர்க் கட்டுப்பாடு. ஒருவர் குனிந்து செருப்பு மாட்டுகிற நேரத்தில் படத்தில் விழுந்துவிட்டால் வருஷம் முழுக்க அவரால் நிமிர முடியாது.

மேலே வானம், அதற்குக் கீழே பொத்தை என்று நாங்கள் சொல்லும் பாறைக்குன்று, அதன் அடியில் வீடும் வயலும், எல்லாவற்றுக்கும் கீழே குளம். இதுதான் வாகைநேரி. பெரியப்பா சொல்லிக்கொடுத்தபடி இலை இலையாக, ஓடு ஓடாக வரைந்துகொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துப் புளியமரத்தில் ஓர் இலையை விட்டுவிட்டால் அந்த இடத்தில் வெயில் ஒழுகும். பிள்ளைகள் அடையாளம் காட்டிச் சிரிக்கும். ஒரு நாள் அந்த மரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வெறுத்துப்போயிற்று. பிரஷ்ஷின் பக்கவாட்டைத் தோய்த்து, ஒரே பச்சையாக இழுத்துவிட்டு, எழுந்து டீ குடிக்கப் போனேன்.

மரம் நன்றாகவே இருந்தது. நிழல் ஓட்டை இல்லாமல் விழுந்தது. காய் மட்டும் தனித்தனியாகக் காய்க்காமல், கட்டில் அகலத்துக்கு ஒரே புளியாகக் காய்த்துத் தொங்கியது. பெண்கள் அரிவாளால் வேண்டிய அளவு வெட்டிக்கொண்டு போனார்கள். கொட்டை எடுக்கிற வேலை இல்லை என்று என்னைப் பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கடுத்த வருஷம் வீடுகளின் ஓரங்களைக் கலைத்துவிட்டேன். எந்தச் சுவர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. தன் வீடு என்று நினைத்து அடுத்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர்கள் அங்கே குழம்பு நன்றாக இருந்தால் அப்படியே சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். நன்றாக இல்லாவிட்டால் வழி தவறிவிட்டதாகச் சொல்லிக்கொண்டார்கள்.

இந்த வருஷம் நான் துணிந்துவிட்டேன். சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டை பிரஷ்ஷை எடுத்தேன். மேலே வானத்துக்கு ஒரு வெளுத்த நீலம். பொத்தைக்கு ஒரே பழுப்பு, ஒரே இழுப்பு. வீடுகளுக்குக் காவியில் சின்னச் சின்னத் தீற்றல், நடுநடுவே வயலுக்குப் பச்சை. கீழே குளத்துக்குக் கெட்டியான நீலத்தைக் கத்தியால் வழித்து அப்பினேன். குளத்துக்குக் கரை போடவில்லை. கரை போட வேண்டும் என்று கைக்குத் தோன்றவில்லை. தள்ளி நின்று பார்த்தேன். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக என் படம் எனக்குப் பிடித்திருந்தது. சந்தோஷத்தில் தனியாக நின்று சிரித்தேன்.

என் மனைவி பிரகாசி அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கடற்கரைக்காரி. அவளுடைய அண்ணன் கித்தேரியான் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். கல்யாணத்தன்று அவர்கள் வீட்டு வாசலில் நின்று கடலைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. மறுகரை இல்லாத தண்ணீரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அத்தோடு அந்தப் பக்கம் நான் போகவில்லை. தனியாகப் போனால் சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டாள் என்று ஊர் பேசும் என்று அவளும் போகவில்லை.

எண்ணெய் வண்ணம் காய நாளாகும். படம் ஈரமாக இருக்கும்வரை ஊரும் ஈரமாகவே இருக்கும், அதாவது ஒரு முடிவுக்கு வந்திருக்காது. அந்த நாட்களில் காலையில் முதலில் பார்க்கிறவர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ, அன்று பொழுது சாயும்வரை எல்லாருக்கும் அப்படித்தான். வழக்கமாக இதில் சிக்கல் எதுவும் வராது. குளத்தை யார் பார்த்தாலும் குளம்தானே. இந்த வருஷம் முதலில் எழுந்தது பிரகாசி. மொட்டைமாடியிலிருந்து அந்த நீலத்தைப் பார்த்தாள். அன்றைக்கு வாகைநேரிக்குக் கடல் வந்துவிட்டது.

அலை வந்து தெருமுனை டீக்கடை பெஞ்சை நனைத்துவிட்டுப் போயிற்று. பிரகாசி முழங்கால்வரை இறங்கி நின்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் கொல்லைப்பக்கம் போய் ஒரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் இஞ்ஞாசியார் முந்திக்கொண்டார். அவருக்குக் குளத்தடியில் வயல் இருக்கிறது. அவர் பார்த்ததும் கடல் குளமாயிற்று. அதற்கு மறுநாள் பிரகாசி சேவலுக்கு முன்னால் எழுந்தாள். இஞ்ஞாசியார் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய், கரை இருந்திருக்க வேண்டிய இடத்தில் போட்டுத் தண்ணீரைப் பார்த்தபடியே படுத்தார், கண்ணைத் திறந்ததும் பார்த்துவிடலாம் என்று. அப்படியும் ஒரு நாள் அவர் கண்ணைத் திறந்தபோது கட்டில் மிதந்துகொண்டிருந்தது. சட்டையைப் பிழிந்துகொண்டு நேரே என்னிடம் வந்தார்.

“என்னவே மதலை, நாத்தெல்லாம் உப்புப் பூத்துக் கெடக்கு. ஒரே ஒரு கோடு போடும். பழுப்புல, பெருவெரல் தண்டிக்கு. கரைன்னு தெரிஞ்சா போதும்.”

“கோடு போட்டா படம் கெட்டுப்போவும், அண்ணாச்சி.”

“படம் கெட்டாப் பரவாயில்ல வே. குளம் கெடப்பிடாது.”

அவர் சொன்னதில் தப்பு இல்லை. கடலாகக் காய்ந்துவிட்டால் ஒரு வருஷத்துக்கு நெல் இல்லை. ஆனால் அந்தக் கோட்டை மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். நீலம் நீலமாக இருக்காது. மறுபடியும் பெரியப்பாவின் குளமாகிவிடும். அடுத்த வருஷம் கரைமேல் பனைமரம் எங்கே என்பார்கள், அதற்கடுத்து ஓலைக்கு ஓலை எண்ணுவார்கள்.

வீட்டுக்குள் போனேன். பிரகாசி தகரப்பெட்டியில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“கோடு போடச் சொல்லுதாவளோ?” என்று கேட்டாள்.

“ஆமா. பெட்டி எதுக்கு?”

“கடலாக் காஞ்சா எங்க அண்ணன் வள்ளத்தோட வரும். போயிக் கொஞ்ச நாளு இருந்துட்டு வருவேன்.”

“எப்ப வருவ?”

“அதக் கடல்காத்துக்கிட்டல்லா கேக்கணும்.”

“கோடு போட்டாச்சுன்னா?”

“பஸ்ஸுல போவேன்.” பெட்டியை மூடி அதன்மேல் உட்கார்ந்தாள். “பஸ்ஸுல போனா வரமாட்டேன்.”

எனக்குப் பயமாக இருந்தது. அவள் இல்லாத வீட்டை யோசித்துப் பார்த்தேன். எனக்குக் காவித் தீற்றல்கூடத் தெரியவில்லை.

முடிவெடுக்கத் தெரியாதவன் செய்வதைச் செய்தேன். நாட்டு மருந்துக் கடைக்குப் போய்க் கிராம்புத் தைலம் வாங்கிவந்து வண்ணத்தில் கலந்து மெழுகினேன். கிராம்புத் தைலம் கலந்த வண்ணம் இலேசில் காயாது. ஊர் முழுக்கக் கிராம்பு வாசனை அடித்தது. அந்த நாட்களில் வாகைநேரியில் ஒருவருக்கும் பல்வலி இல்லை. அலையும் கிராம்பு வாசனையோடு வந்துபோயிற்று. இஞ்ஞாசியாரும் பிரகாசியும் தூக்கம் கெட்டுக் கண் சிவந்து, தெருவில் எதிரெதிரே வந்தால் மரியாதையாகக் கொட்டாவி விட்டுக்கொண்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வந்துவிட்டது. படத்தை மாதா கோயில் மண்டபத்தில் மாட்டியாக வேண்டும். அங்கே இருக்கிற பெரிய மின்விசிறிக்கு முன்னால் கிராம்பு என்ன, எதுவும் நிற்காது. பழுப்பைத் தொட்டு, பிரஷ்ஷை நீலத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோனேன். கோடு வரவில்லை. பதிலுக்கு வலது மூலையில், நீலத்துக்குள், என் பெயரை எழுதினேன். அதுவரை நான் கையெழுத்துப் போட்டதே இல்லை. ஊர் மாதிரியே இருக்கிற படத்தில் என் பெயருக்கு என்ன வேலை? இது என் படம் என்று தோன்றியது, போட்டேன். பிறகு எனக்குத் தலை சுற்றியது. சாயங்காலமே பாயை விரித்துப் படுத்துவிட்டேன்.

“நான் கொண்டுபோயி மாட்டிட்டு வாறேன்” என்று பிரகாசி படத்தைத் தூக்கிக்கொண்டு போனது காதில் விழுந்தது.

காலையில் கால் சில்லென்றிருந்தது. கண்ணைத் திறந்தேன். கணுக்கால்வரை கடலில் நின்றுகொண்டிருந்தேன். தலைக்கு மேலே, அண்ணாந்து பார்த்தால், வாகைநேரி தெரிந்தது.

பிரகாசி படத்தைத் தலைகீழாக மாட்டியிருந்தாள். படம் அப்படியே காய்ந்துவிட்டது. கீழே இருந்த நீலம் மேலே போய், மாட்டியவள் கண்ணுக்குத் தெரிந்தபடி கடலாயிற்று. வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தீற்றலுக்கு மேல் கீழ் கிடையாது. வயல்களும் அப்படியே. பொத்தை மட்டும் தலைகீழாகிப் பள்ளமாயிற்று. மேலே இருந்த வானம் அந்தப் பள்ளத்தில் இறங்கித் தேங்கியிருந்தது. வானத்துத் தண்ணீர் உப்புக் கரிக்காது. இஞ்ஞாசியார் மடையைத் திறந்து வயலுக்குப் பாய்ச்சிக்கொண்டிருந்தார். வாய்க்காலில் மேகம் வந்து அடைத்தபோது மண்வெட்டியால் தள்ளிவிட்டார்.

ஊரில் மற்றவர்கள் வழக்கம்போல் நிமிர்ந்து நடந்தார்கள். படத்தில் பெயர் இருந்தது எனக்கு ஒருவனுக்குத்தான். பெயர் தலைகீழாகக் கடலுக்குள் இருந்தது, நானும் இருந்தேன்.

“வாங்க மாப்ள” என்றார் கித்தேரியான். அவருடைய வள்ளம் பக்கத்தில் நின்றது. அவரும் என்னைப் போலவே, கால் கடல்பக்கமும் தலை ஊர்ப்பக்கமுமாக இருந்தார். கடலில் இருக்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான். “காலு நனஞ்சிட்டுல்லா. இனி ஏறி ஒக்காந்து வலயப் பிடிங்க.”

ஏறி உட்கார்ந்தேன். வள்ளத்திலிருந்து ஒரு கயிறு புறப்பட்டு எங்கள் வீட்டு மொட்டைமாடித் தூணில் கட்டியிருந்தது. பிரகாசி அங்கே நின்று எங்களை அண்ணாந்து பார்த்தாள்.

“எந்தப் பக்கம் மேலன்னு நீங்க ஒண்ணும் சொல்லலியே” என்று கத்தினாள்.

“கையெழுத்து இருந்துதே!”

“அதக் கொக்குன்னுல்லா நெனச்சேன்.”

பிரகாசிக்கு நன்றாக எழுதப் படிக்கத் தெரியும்.

இப்போது நான் வீட்டோடு மாப்பிள்ளை. வலை இழுக்கக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் குமட்டும் என்று பயந்து எலுமிச்சம்பழத்தைக் கேட்டு வாங்கிவைத்தேன், குமட்டவில்லை. நிமிர்ந்தால் மறுகரை தெரிகிறது. எங்கள் வீடு, துணி காய்கிற கொடி, டீக்கடை பெஞ்ச், எல்லாம் தெரிகிறது. பிரகாசி காலையில் சமைத்துவைத்துவிட்டுக் கயிற்றில் ஏறி வருவாள், சாயங்காலம் இறங்கிப் போவாள். பாதி வழியில் ஒருமுறை புரண்டுகொள்ள வேண்டும், அவ்வளவுதான். தகரப்பெட்டியில் இஞ்ஞாசியார் விதைநெல் போட்டுவைத்திருக்கிறார்.

நேற்றுக் காலையில் மழை வந்தது. பள்ளத்து வானத்திலிருந்து மேலே கிளம்பி, ஊரைத் தாண்டிக் கடலுக்கு வந்தது. தெருவில் எல்லாரும் குடையை விரித்துக் காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பிரகாசி அப்போதுதான் கயிற்றில் ஏறத் தொடங்கியிருந்தாள். அவளும் குடையைக் காலுக்குக் கீழே இடுக்கிக்கொண்டு ஏறினாள். பாதி வழியில் புரண்டதும் அதே குடை தலைக்கு வந்துவிட்டது. வள்ளத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எனக்கும் சேர்த்துப் பிடித்தாள்.