பட்டறைச் சுவரில் ஒரு தடி ஒயர்

என் அக்கா ஆர்டிஸ் பழைய நாற்காலி, சோபாக்களுக்குப் புதுத் துணியும் மெத்தையும் போட்டுக் கொடுப்பவள். வீட்டுக்கு அடியில் இருந்த நிலவறையில் தலையைக் குனிந்தபடியே பல வருஷம் அந்த வேலையைச் செய்தாள். அதனால் அவள் கணவன் லோவல் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பட்டறை கட்டத் தொடங்கியபோது, ஊரில் எல்லோரும் அதை ஆர்டிஸின் பட்டறை என்றே சொன்னார்கள். லோவலும் அப்படித்தான் சொன்னான்.

கோடையில் மரச் சட்டங்கள் நின்றன, கூரை ஏறியது. லோவலின் தம்பி மெர்ல் எலக்ட்ரீஷியன். அவன் ஒயர் இழுத்துவிட்டுப் போனான். குளிர் தாங்கச் சுவருக்குள் கண்ணாடிப் பஞ்சு வைக்கும் வேலை வந்ததும் அண்ணன் தம்பி இருவருக்கும் மான் வேட்டை ஞாபகம் வந்துவிட்டது. உடம்பெல்லாம் அரிக்கிற வேலை அது. ஆனால் எங்கள் வடக்கு டகோட்டாவில் பஞ்சில்லாத சுவர்களுக்கு நடுவே குளிர்காலத்தில் யாரும் வேலை செய்ய முடியாது. நானும் அக்காவும் இறங்கினோம்.

ஒயர் போகிற இடத்தில் பஞ்சை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை ஒயருக்குப் பின்னால் செருகி, மறுபாதியால் முன்பக்கம் மூட வேண்டும். அப்படியே அமுக்கித் திணித்தால் பின்னால் வெற்றிடம் விழுந்து குளிர் அங்கே குடியேறிவிடும். ஆர்டிஸ் நாற்காலிக்கு மெத்தை வைப்பதுபோல ஒவ்வொன்றையும் நீவி நீவி வைத்தாள்.

"ஜன்னல் பக்கம் தையல் மெஷின். இங்க துணி வெட்டுற மேசை. சோபாவ நேரா கதவு வழியாவே உள்ள தள்ளிடலாம் கோரின்!" என்றாள் முகமூடிக்குள்ளிருந்து.

மேற்குச் சுவரை முடிக்கும் இடத்தில் விரல் கனத்துக்கு ஒரு கறுப்பு ஒயர் ஓடியது.

"உன் தையல் மெஷினுக்கு இவ்ளோ கரண்டா? ஊரையே தைக்கப் போறியா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஒயரைத் தொட்டபடியே மூலைவரை நடந்தாள். எதிர் மூலையிலும் அதே தடிமனில் ஒன்று இருந்தது. ஜன்னல் பக்கம் அவள் கேட்டிருந்த பிளக் பாயின்ட் ஒன்றுகூட இல்லை.

மத்தியானம் மெர்ல் தன் ஏணியை எடுக்க வந்தான்.

"இந்தத் தடி ஒயர் எதுக்கு மெர்ல்?"

"அது வெல்டிங்குக்கு. அந்தப் பக்கத்தது வண்டி தூக்குற லிஃப்டுக்கு." சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான். "லோவல் உங்கிட்ட சொல்லலியா?"

"எத?"

"நாங்க ரெண்டு பேரும் டிராக்டர் ரிப்பேர் ஆரம்பிக்கிறோம்ல... வசந்தத்துலேருந்தே பேச்சு. அவனே சொல்லியிருப்பான்னு நெனச்சேன்." ஏணியை எடுக்காமலே போய்விட்டான்.

அன்று சாப்பாட்டு மேசையில் ஆர்டிஸின் கைகள் இரண்டும் பஞ்சு அரித்துத் தடித்துச் சிவந்திருந்தன.

"அது யாரோட பட்டறை லோவல்?"

"நம்மளோடதுதான். உனக்கு ஒரு மூலைய விட்டுத் தர்றேன்."

"விட்டுத் தர்றியா!"

"ஊசி நூலுக்கு அவ்ளோ பெரிய கட்டடம் எதுக்கு? கோரின், நீயே சொல்லு."

"சுவத்துக்குப் பஞ்சு வைக்க மட்டும் ஊசி நூல்காரி வேணுமோ?" என்றேன்.

"நீ இதுல தலையிடாத."

ஆர்டிஸ் என் பக்கம் திரும்பினாள். "ஜன்னலுக்கு என்ன நெறத்துல திரை போடலாம்னு நேத்துக்கூட இவன்கிட்ட கேட்டேன். நீலம் எடுப்பா இருக்கும்னு சொன்னான்டி."

லோவல் தட்டில் இருந்த உருளைக்கிழங்கை முள்கரண்டியால் மசித்துக்கொண்டே இருந்தான்.

அதற்குப் பிறகு அவள் பட்டறைக்குள் கால் வைக்கவில்லை. பனி விழ ஆரம்பித்ததும் அண்ணனும் தம்பியும் மிச்சப் பஞ்சை ஒயர்மேலேயே திணித்து அவசர அவசரமாகப் பலகை அடித்தார்கள். ஜனவரியில் அந்தச் சுவர்களில் திட்டுத் திட்டாக உறைபனி பூத்தது. ஆர்டிஸ் லோவலுக்குச் சமைத்துப் போட்டாள், பனி எவ்வளவு பெய்தது என்று பேசினாள். அதோடு சரி.

ஒருநாள் மளிகைக்கடை வாசலில் மெர்ல் என்னைப் பார்த்துச் சிரித்தான். "நீங்க பஞ்சு வெச்ச மேற்குச் சுவத்துல சாஞ்சு நின்னுதான் நாங்க காப்பியே குடிக்கிறோம். அங்க மட்டுந்தான் கை விறைக்கல. மிச்சச் சுவத்தையும் பிரிச்சு அதே மாதிரி வெச்சுத் தரச் சொல்லேன் உங்க அக்காவ."

நிலவறைக்குப் போய் அதை ஆர்டிஸிடம் சொன்னேன். நாற்காலித் துணியில் அடிக்க வாயில் கவ்வியிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எடுத்து வைத்தாள்.

"அத நான் அவ்ளோ நல்லா செஞ்சிருக்கக் கூடாதுடி," என்றாள்.